அடையாறு தொடங்குவது உங்கள் ஏரியில்: வரத்துக்காலையும் பாசன நீரையும் கவனியுங்கள்

அடையாறு என்றால் சென்னையின் ஆறு என்றே பலரும் நினைக்கிறோம். சுமார் 42 கி.மீ. ஓடும் இந்த ஆறு மலையில் பிறக்கவில்லை. ஆதனூர், ஒரத்தூர், மணிமங்கலம், சோமங்கலம் போன்ற ஏரிகளின் கலங்கல் நீர்தான் ஆறாகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து திறக்கும் நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டதே வெள்ளத்துக்குக் காரணம் என்று பேசப்பட்டது. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் திருநீர்மலைக்கு மேற்புறம் உள்ளவை. அங்கே புகுந்தது நம் பக்கத்து ஏரிகளின் உபரி.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் நிலம் கான்கிரீட்டாகவும் தார்ச்சாலையாகவும் மாறியபின், மழைநீர் மண்ணில் இறங்காமல் வேகமாக ஓடி வருகிறது. வரத்துக்கால் அடைபட்டால் ஏரி நிரம்பாது, நவரைக்குத் தண்ணீர் இருக்காது. போக்குக்கால் அடைபட்டால் சம்பா மூழ்கும். சாலை எண்ணெயும் கழிவுநீரும் கலந்தால் நிரம்பிய ஏரியாலும் பயனில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக்கால், கலங்கல், போக்குக்காலை ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து நடந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் சர்வே எண்ணுடன் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள்.

• முதல் மழையில் சாலையைக் கழுவி வரும் நீரை நாற்றங்காலுக்குப் பாய்ச்சாதீர்கள்.

• நீரில் நிறமோ நாற்றமோ மாறினால் மடையை அடையுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, மாதிரி எடுத்து, தேதி, இடம் எழுதி அன்றே பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிணற்று நீர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

• மின்கடத்துத் திறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழ் என்றால் உப்பைப் பற்றிக் கவலையில்லை. 3 வரை நல்ல வடிகால் வேண்டும். அதற்கு மேல் நெல்லுக்குப் பாய்ச்ச வேண்டாம். இந்த அளவு உப்பை மட்டுமே காட்டும். ஆலைக்கழிவு சந்தேகம் இருந்தால் கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

• ஏரி வண்டலை வயலில் கொட்டுமுன் அதையும் பரிசோதியுங்கள். மண்ணில் சேர்ந்த கன உலோகத்தை எடுப்பது எளிதல்ல.

காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.