சோலிகர் காட்டின் வரைபடம்: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

சாமராஜநகர்: பிலிகிரி ரங்கன் மலைக் காட்டை வனத்துறையின் வரைபடத்தில் பார்த்தால் சரகங்களும், சாலைகளும், புலிகளின் வாழிடமும் தெரியும். அதே காட்டைச் சோலிகர் பழங்குடியினரின் வாய்மொழியைக் கொண்டு வரைந்தபோது முற்றிலும் வேறொரு நிலப்பரப்பு வெளிப்பட்டது. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய 'எல்லெ', அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு, நீரூற்றான அப்பி, முன்னோர் நினைவுக் கற்கள் நிற்கும் கல்லுகுடி எனக் காடு முழுவதும் பெயர்களால் நிறைந்திருந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் சோலிகர் பெரியவர்களும் ஜிபிஎஸ் கருவியுடன் நடந்து பதிவுசெய்த இத்தகைய இடங்கள் நானூறுக்கும் மேல்.

இது பண்பாட்டு ஆர்வத்துக்காக மட்டும் நடந்த பணி அன்று. 1974-இல் இப்பகுதி வன உயிரினச் சரணாலயமான பின்னர் சோலிகரின் காட்டெரிப்பு வேளாண்மை நின்றது. குடியிருப்புகள் இடம் மாறின. பின்னாளில் சிறு வனப்பொருள் சேகரிப்புக்கும் தடை வந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளோ, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற தொன்மைத் தடயங்களையும் சான்றாக ஏற்கின்றன. எழுத்தில் ஆவணம் இல்லாத ஒரு சமூகத்துக்கு, நினைவில் இருந்த காட்டை வரைபடமாக்குவது எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்கத் தேவையில்லை. காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 2011-ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில், 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை ஏற்கப்பட்டது நாட்டில் அதுவே முதன்முறை.

அன்று ஆய்வு நிறுவனம் ஒன்று முயன்று செய்த பணியை இன்று ஐந்தாறு பேர் கொண்ட சிறு மென்பொருள் நிறுவனமே செய்துவிட முடியும். கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசம். வரைபடம் தயாரிக்க இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி பெறவேண்டியதில்லை என 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திவிட்டது. இடம், மனிதர், தாவரம், நிகழ்வு ஆகியவற்றைக் கோடுகளால் இணைத்துத் திரையில் காட்டும் 'அறிவு வரைபட'க் கருவிகளும் பெருகிவருகின்றன.

இக்கருவிகளின் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உண்ணிச்செடி இக்காட்டை விழுங்கியதற்குக் காரணம், சருகுத் தீ வைக்கும் தங்கள் வழக்கம் தடுக்கப்பட்டதே என்று சோலிகர் கூறிவந்தனர். 1997-க்கும் 2008-க்கும் இடையே அச்செடியின் பரவல் ஏறத்தாழ இரு மடங்கானதை ஆய்வாளர்கள் அளந்து கண்டனர். சோலிகரின் விளக்கத்தை அறிவியல் உலகமும் கருத்தூன்றிக் கேட்கத் தொடங்கியது. தீ, செடி, புல், விலங்கு என்ற இந்தத் தொடர்பு எந்தத் தனிப் புள்ளியிலும் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது. அதைக் காட்டுவதே இத்தகைய மென்பொருளின் வலிமை.

ஆனால் இணைத்துக் காட்டும் கருவி எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டிவிடுகிறது. தேனடை தொங்கும் பாறை எது, மருந்துச் செடி எந்த ஓடையருகே என்பவை திரையில் வந்தபின் திரும்பப் பெற முடியாதவை. சட்டங்களைப் பார்த்தால், 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரின் தரவை மட்டுமே காக்கிறது. ஒரு குலத்தின் பொது அறிவு அதன் வரம்பில் வராது. 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னணு நூலகம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி நூல்களில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்தது. வாய்மொழி அறிவுக்கு அங்கே இடமில்லை. அந்த நூலகமும் பல்லாண்டுகள் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தன் தொகுப்புக்குப் பூட்டு வேண்டும் என்று அரசு கருதியது. சோலிகருக்கு மட்டும் அது வேண்டாமா?

தொழில்நுட்பத்தில் இதற்கு வழியில்லை என்று கூறிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடியினருடன் இணைந்து உருவான முக்குர்ட்டு என்ற கட்டற்ற மென்பொருள், எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கும் வகையில் அமைந்தது. குடும்பம், பாலினம், சடங்கு சார்ந்த கட்டுப்பாடுகளைக்கூட அதில் அமைக்கலாம். நம் நாட்டு நிறுவனங்களுக்கு இது எட்டாத நுட்பம் அன்று. வாடிக்கையாளர் கேட்பதில்லை என்பதே சிக்கல். பணம் தரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் அரசுத் துறையாகவோ தொண்டு நிறுவனமாகவோ இருக்கிறார், சோலிகராக இருப்பதில்லை.

எல்லைக்கு இப்பால் ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி, பர்கூர் மலைகளில் வாழும் சோளகரும் இதே மக்களே. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியே தமிழ் வாசகர்கள் அவர்களை அறிவார்கள். மலைகள் தொடர்ந்தாலும் மாநில எல்லை இடையில் ஓடுவதால், இருபுறமும் தனித்தனித் தொகுப்புகள் உருவாகும் வாய்ப்பே அதிகம்.

வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு, பல்லுயிர் மற்றும் பண்பாடு சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்று ஏற்கெனவே கூறுகிறது. நிலத்துக்காகவும் வனப்பொருளுக்காகவும் பேசப்படும் அளவுக்கு இந்தப் பிரிவு பேசப்படுவதில்லை. அடுத்த வரைபடத் திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதும் துறைகள், தரவின் உரிமையாளர் என்ற இடத்தில் கிராம சபையின் பெயரை எழுதுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.