சேப்பாக்கத்து அரங்கில் ஊருக்கும் இடம் வேண்டும்

நம் பல்கலைக்கழகங்களில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது என்பது அங்கே படித்தவர்களுக்கும் பணியாற்றியவர்களுக்கும் நன்றாகத் தெரியும். வேலைநாள், காலை பதினொரு மணி. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பல மாதம் படித்துத் தயாரித்த உரையோடு வெளியூரிலிருந்து வந்திருக்கும் அறிஞர் ஒலிவாங்கிக்கு முன் நிற்கும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். எதிரே முதுகலை மாணவர்கள். இரண்டு வகுப்புகளை நிறுத்திவிட்டு அவர்களை அழைத்து வந்து உட்கார வைத்திருப்பார்கள். பின்வரிசையில் வருகைப் பதிவுத் தாள் கைமாறிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் மேடையில் ஒரு துண்டுச்சீட்டு பேச்சாளர் கைக்குப் போகும். அவர் கடைசிப் பத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டு முடிவுரைக்கு வந்துவிடுவார். கேள்விக்கு நேரமில்லை. நன்றியுரை, நாட்டுப்பண், கூட்டம் கலைகிறது.

அந்த உரையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கக்கூடியவர்கள் மதிலுக்கு வெளியே இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். சாலைக்கு அந்தப் பக்கம் மெரினா. மாலையில் அங்கே நடக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் எத்தனையோ பேர். கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். பகலெல்லாம் போட்டித் தேர்வு வழிகாட்டிகளைப் புரட்டிவிட்டு, தமிழக வரலாற்றையும் பொருளாதாரத்தையும் யாராவது புரியும்படி சொல்ல மாட்டார்களா என்று ஏங்கும் இளைஞர்கள் அங்கே அறைக்கு மூன்று பேராகத் தங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் அழைப்பிதழ் போவதில்லை. தகவல் தெரிந்தாலும் வேலைநாள் பதினொரு மணிக்கு வர முடியாது. முடிந்து வந்தாலும் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், 'யாரைப் பார்க்கணும்?' என்பார்கள். 'சொற்பொழிவு கேட்க வந்தேன்' என்ற பதிலை எதிர்பார்த்து அந்த வாசலில் யாரும் நிறுத்தப்படவில்லை.

இது மாற வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. அரசுப் பணத்திலும் மக்கள் கொடையிலும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவும் கலை நிகழ்ச்சியும் ஊருக்குத் திறந்திருப்பதே விதியாக வேண்டும். வகுப்புகளில் ஒரு பகுதியும் அப்படித் திறக்கப்பட வேண்டும். மூடுவதாக இருந்தால் அதற்குத்தான் காரணம் எழுதிக் காட்ட வேண்டும். இன்று நிலைமை நேர்மாறாக இருக்கிறது.

அறக்கட்டளைகள் யாருடைய பணம் என்பதிலிருந்து தொடங்கலாம். தாயின் பெயரில், ஆசிரியரின் பெயரில், இளவயதில் இறந்த பிள்ளையின் பெயரில் குடும்பங்கள் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தன. அசலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்துவது ஏற்பாடு. சைவ சித்தாந்தத்தைப் பற்றி, திருக்குறளைப் பற்றி, நாட்டு வரலாற்றைப் பற்றி நாலு பேர் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்றுதான் அவர்கள் கொடுத்தார்கள். அந்த நாலு பேரில் ஊரும் அடக்கம். ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் அதை உணர்ந்தே செயல்பட்டன. சர் சுப்பிரமணிய ஐயர் பெயரிலான சொற்பொழிவில் 1917-ல் தி. அ. கோபிநாத ராவ் ஸ்ரீவைணவர்களின் வரலாற்றைப் பேசினார். இரண்டு ஆண்டில் அவர் காலமாகிவிட்டார். ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-ல் அந்த உரையை நூலாக்கியது. நூறாண்டு கழித்தும் அத்துறை ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். இன்று ஆற்றப்படும் உரைகளில் பெரும்பாலானவை அச்சேறுவதும் இல்லை, அரங்கைத் தாண்டி யார் காதிலும் விழுவதும் இல்லை.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே நீண்ட காலம் இருந்தது. பாடம் சொல்லும் பேராசிரியர்கள் வந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான். 1914-ல் இந்திய வரலாற்றுக்கு ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் வந்தார். அடுத்த ஆண்டு பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஸ்லேட்டர் தம் மாணவர்களை விடுமுறையில் அவரவர் சொந்தக் கிராமத்துக்கே அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எத்தனை கடன் என்று எழுதி வரச் சொன்னார். 1918-ல் வெளிவந்த அந்தத் தொகுப்பு தென்னிந்தியக் கிராம ஆய்வுகளுக்கு முன்னோடி. பாடம் சொல்லத் தொடங்கிய நாளிலேயே ஊரோடு பேசத் தெரிந்திருந்தது இந்தப் பல்கலைக்கழகத்துக்கு. ராபர்ட் சிஷோம் கட்டிய செனட் மண்டபம் 1937-ல் சென்னை மாகாணச் சட்டப்பேரவை கூடும் இடமாகவே இருந்தது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஒரு மாகாணத்தின் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்த வளாகம் அது.

ஓர் உரை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு மெரினாவிலேயே பதில் இருக்கிறது. 1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் பதினெட்டு வயதை ஒட்டிய சு. சந்திரசேகர். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலைத் தாமாகவே கரைத்துக் குடித்திருந்த மாணவர். அறிஞர் தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்பது அங்கேதான் அவருக்குத் தெரியவந்தது. உலோகங்களின் எலெக்ட்ரான் கோட்பாடு பற்றிய தம் கட்டுரையின் அச்சுப் படிகளை சோமர்ஃபெல்ட் அவரிடம் கொடுத்தார். அதைப் படித்த மாணவர் மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தம் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பிறகு விண்மீன்களின் முடிவைப் பற்றி அவர் கண்டுபிடித்ததும், 1983-ல் நோபல் பரிசு பெற்றதும் உலகம் அறிந்தவை. சந்திரசேகர் அந்தக் கல்லூரி மாணவர் என்பதால் அந்த அரங்குக்குள் இருந்தார். அதே ஆர்வத்தோடு இன்று அரக்கோணத்திலோ ஆவடியிலோ ஒரு சிறிய கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஓர் உரை நடக்கிறது என்ற செய்தியாவது போகிறதா?

தமிழ்ப் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் இருந்துகொண்டே ரா. பி. சேதுப்பிள்ளை நகரத்து மன்றங்களில் கம்பனையும் இளங்கோவையும் தொடர் விரிவுரைகளாக நடத்தினார். கேட்க வந்தவர்களுக்கு நுழைவுத் தகுதி எதுவும் கிடையாது. 1943 பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் அவரும் அண்ணாவும் கம்பராமாயணத்தைப் பற்றி எதிரெதிரே நின்று வாதிட்டார்கள். ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர், இன்னொருவர் அந்தக் காப்பியத்தையே கொளுத்த வேண்டும் என்ற இயக்கத்தின் பேச்சாளர். இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்துகொள்ளும் தெம்பு ஊருக்கு உண்டு என்று அன்றைக்கு நம்பினார்கள். அந்த விவாதம் நூலாகி இன்றும் விற்கிறது. இன்றைய வளாகம் ஒன்றில் அப்படி ஒரு விவாதத்துக்கு அனுமதி கேட்டால் கோப்பு எத்தனை மேசைகளில் உறங்கும்?

பல்கலைக்கழகம் ஊரோடு சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த தமிழ் எடுத்துக்காட்டு இலங்கையில், பேராதனையில் இருக்கிறது. மலைச்சரிவில் அமைந்த அங்குள்ள திறந்தவெளி அரங்கில்தான் 1961-ல் சரச்சந்திரவின் 'சிங்கபாகு' சிங்கள நாடகம் அரங்கேறியது. அதே வளாகத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வேறொரு வேலையைக் கையில் எடுத்தார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த கூத்தைப் படித்தவர்கள் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அவர் கூத்துப் பழக்கும் ஆசானான கிராமத்து அண்ணாவியாரையே வளாகத்துக்கு வரவழைத்தார். பட்டப்படிப்பு மாணவர்கள் அவர் முன்னால் நின்று தாளக்கட்டும் ஆட்டமும் பழகினார்கள். இரவு முழுக்க நீளும் கூத்து மேடைக்கு ஏற்றபடி சுருக்கப்பட்டது. 1962-ல் 'கர்ணன் போர்', 1963-ல் 'நொண்டி நாடகம்', அதன்பின் 'இராவணேசன்'. அவை வளாகத்தோடு நிற்காமல் ஊர் ஊராகப் போயின. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, கிழக்கிலங்கையில் அந்தக் கலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தார். வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அண்ணாவியாரிடம் என்ன பட்டம் இருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நிர்வாகி கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

நம் பக்கமும் கை வெறுமையாக இல்லை. 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை தமிழில் நவீன நாடகத்துக்குத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அண்ணாமலை நகரின் இசைக் கல்லூரியிலிருந்து புறப்பட்ட ஓதுவார்களும் நாகசுரக்காரர்களும் பாடகர்களும் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆனால் இன்று இசைத்துறை மாணவர்களின் ஆண்டுக் கச்சேரி நடப்பது அடுத்த தெருவில் இருப்பவருக்குத் தெரியாது. டிசம்பரில் சபா சீட்டுக்குப் பணம் கொடுக்க முடியாத ரசிகர் எத்தனையோ பேர் இருக்கும் நகரத்தில், பயின்ற குரல்கள் காலி நாற்காலிகளுக்கு முன் பாடிக்கொண்டிருக்கின்றன.

விரிவாக்கப் பணி என்று பல்கலைக்கழக மானியக் குழு ஒன்றைச் சொல்கிறது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் நிகரான மூன்றாவது கடமை அது என்று 1977-லேயே அறிவித்த கொள்கை. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக்கின் தரமதிப்பீட்டிலும் அதற்கு இடம் உண்டு. மதிப்பெண் உண்டு என்பதே இப்போது சிக்கலாகிவிட்டது. கோப்புக்கு வேண்டியது தேதி, பேனர் தெரியும் புகைப்படம், கையெழுத்துத் தாள். இந்த மூன்றும் இருந்தால் நிகழ்ச்சி நடந்ததாகக் கணக்கு. வெளியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை மதிப்பீட்டில் முதல் கேள்வியாக்கினால் நிர்வாகங்கள் தாமாகவே வாசலைத் திறக்கும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவார்கள். அதை எளிதாகத் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை தமிழ்நாட்டையே உலுக்கியது. மகளை விடுதியில் விட்டிருக்கும் பெற்றோரின் அச்சம் முழுக்க நியாயமானது. ஆனால் விடுதிகளும் வகுப்பறைக் கட்டடங்களும் இருக்கும் பகுதி வேறு, பொது அரங்கு வேறு. சாலையை ஒட்டிய அரங்குக்குத் தனி வாசல், விளக்கு, கண்காணிப்புக் கேமரா, பெயரும் கைபேசி எண்ணும் பதியும் ஒரு மேசை, பெண் காவலர் ஒருவர் என்றால் போதும். ஆளில்லாத இருட்டு மூலைகளைவிட, நூறு பேர் வந்து போகும் விளக்குப் போட்ட முற்றமே பெண்களுக்குப் பாதுகாப்பு. பூட்டிய கேட்டை நம்பிக்கொண்டு உள்ளே விளக்கில்லாத பாதைகளை அப்படியே விட்டுவைப்பது எந்தப் பெண்ணையும் காக்காது.

பணமில்லை என்பது அடுத்த பதில். ஓய்வூதியம் கொடுக்கவே பல்கலைக்கழகங்கள் திணறுவதும், பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும் உண்மை. அதற்கான பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்று பலமுறை வலியுறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் நாம் இங்கே கேட்பதற்குப் பெரிய செலவில்லை. அரங்கு இருக்கிறது, பேராசிரியர் இருக்கிறார், அறக்கட்டளை இருக்கிறது. பதினொரு மணிக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ சனிக்கிழமைக்கோ மாற்ற எந்த மானியமும் வேண்டாம். பொன்னாடைகளையும் வாழ்த்துரைகளையும் குறைத்து, பேச்சாளருக்கு ஒரு மணி நேரம், கேள்விக்கு அரை மணி நேரம் என்று ஒதுக்கலாம். மாத நிகழ்ச்சி நிரலை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு நூலகங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ஒட்டலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதும் நல்லதுதான். ஆனால் கை தூக்கிக் கேள்வி கேட்கும் வாய்ப்பை அது தராது.

வகுப்புகளைப் பொறுத்தவரை இன்னும் துணிந்து கேட்கிறோம். பாரிஸில் 1530-ல் தோன்றிய கொலேஜ் து பிரான்ஸ் பட்டமே தருவதில்லை. அங்கே பேராசிரியர்கள் நடத்தும் விரிவுரைகளுக்கு யாரும் பதிவு செய்யாமல், கட்டணமின்றிப் போய் உட்காரலாம். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையும் பருவத்துக்கு ஒரு பாடத்தை மாலையில் தமிழில் நடத்தி, தேர்வு எழுத விரும்பாத பொதுமக்கள் பின்வரிசையில் உட்கார அனுமதித்தால் போதும். தமிழ், வரலாறு, மெய்யியல் மட்டும் போதாது. இயற்பியலும் புள்ளியியலும் சட்டமும் அதில் சேர வேண்டும். அப்படித் தமிழில் சொல்ல முயலும் பேராசிரியருக்குப் பணிச்சுமையில் அதைக் கணக்கிட்டுக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

இதற்கெல்லாம் முன்னால் அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்களிடம் உள்ள ஒவ்வோர் அறக்கட்டளையையும் பற்றி முழுப் பட்டியல் ஒன்றை வெளியிட வேண்டும். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, அசல் எவ்வளவு, என்ன நோக்கம், கடைசியாகச் சொற்பொழிவு நடந்தது எப்போது, நடக்காத ஆண்டுகளின் வட்டி எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். வட்டி இன்றைய செலவுக்குப் போதவில்லை என்றால், ஒரே நோக்கமுள்ள நாலைந்து அறக்கட்டளைகளைக் கொடையாளர் குடும்பத்தின் ஒப்புதலோடு சேர்த்து ஒரு நல்ல உரையாக நடத்தலாம், எல்லாப் பெயர்களையும் அழைப்பிதழில் போடலாம். வரும் கல்வியாண்டின் முதல் பருவம் தொடங்குவதற்குள் இந்தப் பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்க வேண்டும். முதல் அழைப்பிதழ் கொடையாளர் வீட்டுக்குப் போகட்டும், அடுத்தது திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் அறிவிப்புப் பலகைக்குப் போகட்டும்.