ஒரு டர்ன் என்றால் யாருடைய டர்ன்?



இந்த மலரில் கவிதை எழுதியவர்கள் காதலைப் பற்றி எழுதியிருப்பார்கள். கட்டுரை எழுதியவர்கள் நாட்டைப் பற்றி எழுதியிருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு விளையாட்டின் ரூலைப் பற்றி. அதுவும் ஒரே ஒரு வரி! அந்த ஒரு வரிக்காக எங்கள் ஹாஸ்டலில் இரண்டு பேர் ஒரு செமஸ்டர் பூராவும் பேசிக்கொள்ளவில்லை. அதில் ஒருவன் அடியேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்தது. கேரம் போல போர்டு வேண்டாம். பேப்பர், பென்சில், 4 முகத்திலிருந்து 20 முகம் வரை உள்ள பகடைகள், நாலைந்து பேர், ஒரு ராத்திரி... போதும். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். கதை சொல்வதும் அவர்தான், அம்பயரும் அவர்தான். வினையே இங்கேதான் ஆரம்பம்.

அன்றைக்கு மாஸ்டர் நான். நண்பன் ஆடியது ரோக், அதாவது பதுங்கிப் பாய்கிற ஆள். ரோக்கின் பலமே ஸ்னீக் அட்டாக்தான். எதிரியின் பக்கத்தில் நம் ஆள் ஒருவன் நின்றால் போதும், குத்து விழும்போது கூடுதலாகப் பகடை உருட்டலாம். ஐந்தாம் லெவலில் மூன்று ஆறுமுகப் பகடை, சராசரி 10.5. எதிரே ஒரு ஓகர். 59 புள்ளி உயிரோடு வந்தது, அடி வாங்கி வாங்கி 20-ல் நின்றது. அதில் கடைசியாக விழுந்தது ரோக்கின் ஸ்னீக் அட்டாக். அடுத்து ஓகரின் முறை. அது திரும்பி ஓடப் பார்த்தது. கைக்கெட்டும் தூரத்தை விட்டு எதிரி விலகினால், அது நம் முறையாக இல்லாவிட்டாலும் ஒரு குத்து குத்தலாம் என்பது ரூல். குத்தினான். பட்டது. கத்திக்கு 9. கூடவே மூன்று பகடையை எடுத்து உருட்டினான். 6, 5, 5!

"டேய், இந்த ரவுண்டுல ஒருதடவை போட்டாச்சேடா" என்றேன்.

"புக்குல டர்னுன்னுதானே இருக்கு? ரவுண்டுன்னா இருக்கு?"

"மாஸ்டர் நான். கிடையாதுன்னா கிடையாது."

ஓகர் 11 புள்ளி உயிரோடு தப்பி ஓடியது. அவன் பகடைகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அடுத்த வாரம் வரவில்லை. மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்தாலும் சாம்பார் வாளியைப் பார்த்துத்தான் பேசுவான்.

தோழர்களே, தப்பு என் மேல். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

2014-ல் வந்த ரூல் புத்தகத்தில் ஒரு ரவுண்டு என்பது சுமார் 6 விநாடி. அதற்குள் சண்டையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன். ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது. 'உன்னுடைய' டர்ன் என்று இல்லை. எழுதியவர் மறந்திருப்பாரோ? இல்லை! அதே புத்தகத்தில் கிளெரிக்குக்கு உள்ள டிவைன் ஸ்டிரைக் என்ற சக்தியைப் பாருங்கள். அங்கே, உன்னுடைய டர்ன் ஒவ்வொன்றிலும் ஒருமுறை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒரே டிராயிங்கில் ஒரு துளைக்கு டாலரன்ஸ் போட்டு இன்னொன்றுக்குப் போடவில்லை என்றால், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று நம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிப் பாருங்களேன்! ஓகரின் டர்ன் வேறு டர்ன். ஆக, அவன் உருட்டியது சரி. 2022-ல் சோதனைக்கு விட்ட வரைவில் இதை உன் டர்னில் மட்டும் என்று சுருக்கிப் பார்த்தார்கள். 2024 புத்தகத்தில் பழையபடியே விட்டுவிட்டார்கள்.

நான் ஏன் அப்படிப் படித்தேன்? பாதிக் காரணம் நம் பேச்சு. கேரம் ஆடி ஆடி டர்னையும் ரவுண்டையும் ஒன்றாகப் போட்டு 'சான்ஸ்' என்றே பழகிவிட்டோம். முதல் நாள் ரூல் சொல்லிக்கொடுத்தபோதே "ரவுண்டுக்கு ஒருதடவை" என்று சொல்லிவிட்டேன். மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓகர் தப்பித்தால்தான் அடுத்த வாரக் கதை. எழுதி வைத்திருந்தேன். "பேலன்ஸ் போயிடும்டா" என்று மற்றவர்களிடம் சொன்னதெல்லாம் சும்மா. கெட்டுப்போக இருந்தது என் கதைதான்.

அதற்காக எழுத்தையே பிடித்துத் தொங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறைந்திருப்பவனைக் கண்ணுக்குக் காட்டும் மந்திரம் ஒன்று உண்டு. 2014 வாசகப்படி, அந்த மந்திரத்தால் அவனைப் பளிச்சென்று பார்த்தாலும், அவன் 'மறைந்த நிலையில்' இருப்பதால் அவனை அடிப்பதற்குச் சிரமம் அப்படியே இருக்கும்! வடிவமைப்பாளர்களே அப்போது ஆமாம் என்றார்கள். எந்த ஹாஸ்டலில் இதை ஒத்துக்கொள்வார்கள்? 2024-ல், பார்க்கத் தெரிந்தவனிடம் அந்தச் சலுகை செல்லாது என்று மாற்றினார்கள்.

இன்னொன்று, பாலடினின் டிவைன் ஸ்மைட். ஆயுதத்தால் அடித்தால் தெய்வ ஒளியும் சேர்ந்து இறங்கும். வெறுங்கையால் குத்தினால்? 2014 புத்தகத்தில் குத்தும் 'ஆயுதத் தாக்குதல்' வகையில்தான் வரும், ஆனால் கை ஆயுதமல்ல! குழப்பமான குழப்பம். கிடையாது என்றுதான் அதிகாரபூர்வ விளக்கம் வந்தது. கூடவே, மாஸ்டர் அனுமதித்தாலும் சமநிலை ஒன்றும் கெடாது, பாலடின் என்றால் ஆயுதம் என்ற பொருத்தத்துக்காகத்தான் அப்படி வைத்தோம் என்றும் சொன்னார்கள். 2024-ல் வெறுங்கைக்கும் உண்டு என்று எழுதியே விட்டார்கள். அதுவரை மறுத்த மாஸ்டர்கள் தப்பு செய்தார்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். பாலடின் ஆடுகிறவன் ஆளை உருவாக்கும் நாளிலேயே கிடையாது என்று சொல்லியிருந்தால் நியாயம். ஆறு மாதம் ஆடவிட்டு, ராட்சசன் முன்னால் கையை ஓங்கும்போது சொன்னால் அநியாயம்.

என் கட்சி இதுதான். தெருக் கிரிக்கெட்டில் ஒன் பிட்ச் கேட்ச் உண்டா இல்லையா என்பதை டாஸுக்கு முன்னால் பேசணும். பந்து கையில் உட்கார்ந்த பிறகு பேசுகிறவன் அம்பயர் இல்லை, எதிர் டீம். பகடை உருண்ட பிறகு சந்தேகம் வந்தால் அந்த ஒரு தடவை ஆடுகிறவன் பக்கம் விட்டுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் புத்தகத்தைப் பிரிக்க வேண்டும். கடைசிச் சொல் மாஸ்டருடையது என்பதை நானும் மறுக்கவில்லை. எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதுதான் என் கேள்வி.

அடுத்த செமஸ்டரில் ஜூனியர் ஒருவனுக்குக் கிளெரிக் தயார் செய்யும்போதுதான் அந்த டிவைன் ஸ்டிரைக் வரி கண்ணில் பட்டது. மனசு கேட்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தோடு அவன் ரூம் கதவைத் தட்டினேன். இரண்டு பக்கத்தையும் காட்டினேன். மெதுவாகப் படித்தான். சிரிக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஓகர் செத்துச்சா இல்லியா?"

"செத்துப்போச்சுடா" என்றேன்.

"எழுதிக் குடு" என்று நோட்டை நீட்டினான்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்