இயந்திரம் வரட்டும், இயக்குவோர் எங்கே?

2024 நவம்பர் 26ஆம் நாள், நிந்தவூர் மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை மாவடிப்பள்ளி வெள்ளம் வாரிச் சென்றதை மறந்தவருண்டோ? மீக்கணினி இருந்திருந்தால் பிழைத்திருப்பர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் எந்த வயலில், எந்த வீதியில் நீர் எவ்வளவு உயரும் என முன்கூட்டிக் கணிப்பது அதற்குரிய பணியே.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட ‘பரம் பிரவேகா’ வினாடிக்கு 3,300 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்ய வல்லது. ஆனால் நள்ளிரவில் நின்றுபோன வேலையை மீட்பவர் யார்? ஆராய்ச்சியாளரின் நிரலில் பிழை காண்பவர் யார்? மனிதரன்றோ!

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இத்தகைய நிலையம் கேட்போர், நிரந்தரப் பதவியும் தக்க சம்பளமும் உடைய பொறியியலாளரையும் சேர்த்தே கேட்க வேண்டும். தற்காலிக நியமனம் பெற்றவர் தொழில் பழகியதும் கட்டாருக்கு விமானம் ஏறுவார். அவரை நோவது நியாயமன்று. நாடா வெட்டவரும் மந்திரிமார், ஊழியர் சம்பளத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவர் என்பதைத் திறப்புவிழாவுக்கு முன்பே எழுத்தில் தரட்டும்.