உப்பாய்க் கரைவோம்

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில், இயேசு பெருமான் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பாத்தி வரப்பில் வெள்ளையாய்க் குவிந்து மின்னும் உப்பு, குழம்பில் கரைந்தால்தான் பயன் தரும்.

தலைவி சற்று விலகி நின்றால்தான் மதிப்பு என்பர் சிலர். வகுப்புத் தலைவியான நானும் அப்படித்தான் எண்ணினேன். செபத்தை முன்நின்று சொன்னேன். ஆனால் உப்பளத் தொழிலாளியின் மகளான தோழி ஒருத்தி மதிய வேளையில் தனியே உண்பதைக் கண்டும், பல நாள் காணாதவள்போல் இருந்தேன்.

புனித தேவசகாயத்தின் வரலாறு என்னை நாணச் செய்தது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாருடனும் பழகினார். துன்பங்கள் பல பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15இல் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் குருவானவர் அல்லர். நம் பெற்றோரைப் போல் இல்லறத்தார்.

அவர் உயிரையே கொடுத்தார். நான் விட வேண்டியதோ வீண் பெருமை மட்டுமே! மறுநாள் டிபன் டப்பாவுடன் அவளருகே சென்று அமர்ந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை; கருவாட்டுத் துண்டொன்றை என் மூடியில் வைத்தாள்.

அன்புத் தோழியரே, கோவிலில் நாம் பாடும் பாட்டைவிட, உணவு வேளையில் நாம் அமரும் இடமே நம் விசுவாசத்தை உரக்கச் சொல்லும். உப்பாய்க் கரைவோம்!