மூத்தோர் பயணமும் பேருந்துக் கட்டணமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், கோடை தொடங்கும் முன் அமையும் மார்கழி, தை, மாசி மாதங்களே கடலூர் மாவட்டத்தில் பயணத்துக்கு ஏற்றவை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனம், பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகுப் பயணம் என வருவோரிடையே பணி ஓய்வு பெற்ற தம்பதியரைப் பரவலாகக் காணலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் மீண்டும் கூடிப் பேச இக்காலத்தையே விரும்புகின்றனர்.

இதை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு 8.71 லட்சம் மரணங்களுக்கு அதனுடன் தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025-இல் தெரிவித்தது. தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10.4 சதவீதம்; 2031-இல் இது 18.2 சதவீதமாகும் என மதிப்பிடப்பட்டுள்ளது. பிள்ளைகள் வெளியூர்களில் வாழும் இல்லங்களில், பழைய நண்பரைச் சென்று காண்பதும் ஒரு மருந்துதான்.

ஆனால், அந்த மருந்து எல்லோருக்கும் எட்டுவதில்லை. சொந்த காரும் ஓய்வூதியமும் உள்ளவர்களுக்கு விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை ஒரு வரம். கொத்தட்டை சுங்கச்சாவடிக் கட்டணம் அவர்களது பயணத்தைத் தடுத்துவிடாது. மாதம் ரூ.1,200 முதியோர் உதவித்தொகையில் வாழ்பவரின் நிலை வேறு. கடலூரிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவிலுள்ள சிதம்பரத்துக்கு இருவர் பேருந்தில் சென்று திரும்புவதே அவர் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய செலவு.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது நிறைந்தோர் மாதம் 10 முறை இலவசமாகப் பயணிக்கலாம். புறநகர்ப் பேருந்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் கடலூர் மூதாட்டிக்கு இவ்விரண்டும் உதவுவதில்லை. ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த மூத்த குடிமக்கள் சலுகையோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கர்நாடக அரசுப் பேருந்துகளில் மூத்தோருக்கு 25 சதவீதக் கட்டணக் குறைப்பு உண்டு. மகாராஷ்டிரத்தில் 65 வயதைக் கடந்தோருக்குப் பாதிக் கட்டணம். 75 வயதைக் கடந்தோருக்குக் கட்டணமே இல்லை.

கடன் சுமையில் தவிக்கும் போக்குவரத்துக் கழகங்கள் சலுகையைத் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. பொருளியலின் இறுதிநிலைச் செலவு என்ற கருத்து இதற்கு வழிகாட்டும். முற்பகல் 11 மணிக்குப் பாதி இருக்கைகள் காலியாகப் புறப்படும் பேருந்தில் மேலும் ஒருவர் ஏறுவதால் டீசல் செலவோ ஊதியச் செலவோ குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. கட்டணத்துக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடும் முதியவர் செலுத்தும் பாதிக் கட்டணம் கழகத்துக்குப் புதிய வருவாய். இன்று முழுக் கட்டணம் செலுத்தும் முதியோரும் இனிப் பாதியே செலுத்துவர் என்பதால் இழப்பும் இருக்கும். சலுகையை நெரிசலற்ற நேரத்துக்கு வரையறுத்தால் அந்த இழப்பு குறையும். இங்கிலாந்தில் முதியோருக்கான இலவசப் பேருந்து அட்டை, வேலை நாள்களில் பொதுவாகக் காலை 9.30-க்குப் பிறகே செல்லுபடியாகிறது.

முதியோர் வரும் ஊர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. பூக்கடை, சிற்றுண்டிச்சாலை, ஆட்டோ, படகு என அவர்கள் செலவிடும் தொகையில் பெரும்பகுதி உள்ளூர்க் குடும்பங்களையே சென்றடையும். கட்டணக் குறைப்புடன், பேருந்து நிலையங்களில் தூய்மையான கழிப்பறை, அமர இருக்கை, ஏறுவதற்கு எளிதான தாழ்தளப் பேருந்து ஆகியவையும் வேண்டும். கழிப்பறைக்கு அஞ்சிப் பயணத்தையே தவிர்க்கும் மூதாட்டிகளுக்குக் கட்டணச் சலுகை மட்டும் போதாது.

கடலூர் - சிதம்பரம் தடத்தில், திங்கள் முதல் வியாழன் வரை முற்பகல் 10 மணி முதல் மாலை 4 மணி வரை, 65 வயது நிறைந்தோருக்குப் பாதிக் கட்டணம் என அரசு சோதனை முறையில் அறிவிக்கலாம். பொங்கல் போன்ற நெரிசல் நாள்களுக்கு விலக்களிக்கலாம். மூன்று மாதக் கணக்கைப் பார்த்து, உண்மையில் ஏற்படும் இழப்பை மட்டும் அரசு ஈடுசெய்தால் போதும். வரும் மார்கழியே அதற்கு உகந்த தொடக்கம்.