மேம்பாலமா, கடவையா?

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை கிளிநொச்சி நகரை ஊடறுத்துச் செல்கின்றது. 2009 இல் போர் முடிந்தபின் அவ்வீதி புதுப்பிக்கப்பட்டது; வாகனங்களின் வேகமும் உடன் பெருகிற்று. வீதியைக் கடப்போரைக் காக்க மேம்பாலமே பரிகாரம் என்பார் உளர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை.

ஆயினும், பாரவூர்திகள் கீழே செல்வதற்கு ஏறத்தாழ 5 மீற்றர் உயரம் வேண்டும். அதற்கு 30 படிகளுக்கு மேல் ஏறி, மீண்டும் இறங்கவேண்டும். உரமூடை ஏற்றிய துவிச்சக்கரவண்டியோடு வரும் கமக்காரன் என் செய்வான்? போரிலே காலிழந்தோர் எவ்வாறு ஏறுவர்? படிக்குப் பதிலாக, 12 அடிக்கு ஓரடி உயரும் சாய்தளம் அமைப்பின், அது ஒவ்வொரு பக்கமும் 60 மீற்றர் நீளும். அவ்வளவு தூரம் சுற்றிச் செல்ல விரும்பாதோர் முன்போல வீதியிலேயே இறங்குவர். பாலம் விளம்பரப் பலகைகளைத் தாங்கி நிற்கும்.

நகருக்குள் வேகத்தைக் குறைப்பது வாகனத்தின் கடமை. சமிக்ஞை விளக்கு, உயர்த்திய கடவை, நடுவே தரித்துநிற்க ஒரு திட்டு ஆகியன குறைந்த செலவில் யாவர்க்கும் பயன்படும். இவை போதாத இடத்திலேயே பாலத்தைப்பற்றி எண்ணுதல் தகும். வீதி அபிவிருத்தி அதிகாரசபை, நாள்தோறும் அவ்வீதியைக் கடக்கும் மக்களைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டுமென நாம் வற்புறுத்துகின்றோம்.